மருமவனே, ஓடத்தான் போறியா?

வா மருமவனே, வா. அந்தக் கல்லுல உக்காரு. வேப்ப நெழலு, சுடாது. இன்னும் 20 வாரத்துக்கு உனக்கு உக்கார நேரமே கெடைக்காதுன்னு கேள்விப்பட்டேன், கெடைக்கையில உக்காந்துக்கோ.

நேத்து ராத்திரி ஒங்கம்மா வந்து எங்கிட்ட ஒரு பாட்டம் அழுது தீத்துட்டா. "அண்ணே, பிள்ள மெட்ராசுல 42 கிலோமீட்டர் ஓடப் போறேங்கான். யாரு தொரத்துதாங்கன்னு கேட்டுச் சொல்லுங்க"ன்னா. யாரும் தொரத்தல தாயி, அவனே பணம் கட்டிப் பேரு குடுத்திருக்கான்னு சொன்னேன். அதுக்குப் பெறகுதான் ரொம்ப அழுதா. அவ அழுகையிலயும் ஞாயம் இருக்கு. நம்மூர்ல பணம் வாங்குனவன்தான் ராவோட ராவா ஓடிப் பாத்திருக்கோம். பணம் கட்டுனவன் விடியுமுன்ன எந்திரிச்சு ஓடுறது இந்த ஊருக்குப் புதுசு.

இது எங்க தொடங்கிருக்கும்னு எனக்குத் தெரியும், நீ சொல்ல வேண்டாம். ராத்திரி பதினோரு மணி, பரோட்டாக் கடை, ரெண்டாவது தடவ ஊத்துன சால்னா. அந்த நேரத்துல மனுசன் எதுக்கும் தலையாட்டுவான். உன் கூட்டாளி, அந்தக் கண்ணாடிக்காரப் பய, செல்ல நீட்டிருப்பான்: 'மச்சான், ஜனவரியில மாரத்தான், சேந்து ஓடுவோமா?' பேங்குல வேல பாக்குற பொண்ணு 'நான் ரெடி'ன்னுருக்கும். பொண்ணே ரெடிங்கும்போது நீ எப்படி மாட்டேங்கிறது? அந்தக் குண்டுப் பய வாய்ல பரோட்டா இருந்ததால பதில் சொல்லல, அத நீங்க சம்மதம்னு எழுதிக்கிட்டீங்க. மறுநாள் காலையில நாலு பேரும் அவனவன் படுக்கையில முழிச்சு, 'மத்த மூணு பேருல ஒருத்தனாவது வேண்டாம்னு சொல்லிரக் கூடாதா'ன்னு செல்லப் பாத்துக்கிட்டே கெடந்திருப்பீங்க. ஒருத்தனும் சொல்லல. ஊர்ல பாதிக் கல்யாணம் இப்படித்தான் நடந்திருக்கு.

சரி, பேரு குடுத்தாச்சு. இனிமே மாமன் சொல்லுறதக் கேளு. நான் ஓடுனவன் இல்ல; ஆனா மாட்டுவண்டிப் பந்தயத்துல நாப்பது வருசம் சாட்டைக் கம்போட நின்னவன். திருச்செந்தூருக்கு நடந்த காலு இது. ஊர்ல யாரக் கேட்டாலும் சொல்லுவாங்க. அந்தக் கதைய அப்புறம் பேசுவோம்.

பந்தயத்துல பெரிய மாடு, நடு மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டுன்னு வகை பிரிச்சு விடுறத நீ பாத்திருக்கேல்ல? மாரத்தான் ஓட்டங்கள்லயும் அதே மாதிரி ஏற்பாடுதான்னு எம் பேத்தி சொல்லுச்சு. அது உடற்கல்விக் காலேஜுல படிக்குதா, சாயங்காலமானா இது மாதிரி சமாச்சாரத்தச் செல்லுல வாசிச்சு எங்கிட்டச் சொல்லும். முழு மாரத்தான் பெரிய மாடு. 21 கிலோமீட்டர் நடு மாடு. பத்து கிலோமீட்டர் சின்ன மாடு. அஞ்சு கிலோமீட்டர் பூஞ்சிட்டு. நீ இதுவரைக்கும் ஓடுனது என்ன? போன மாசம் பஸ்ஸப் பிடிக்க ஓடிருக்க. அதுவும் பஸ் போயிருச்சு. பூஞ்சிட்டுல கூடப் பூட்டாத கன்னு நேரா பெரிய மாட்டுல பேரு குடுத்துட்டு வந்து நிக்குது. நிக்கட்டும். கன்னுக்கும் ஆச இருக்கும்ல.

அந்த 42 எதுக்கு, ஒரு முழுக் கணக்கா 40ன்னு வச்சிருக்கக் கூடாதான்னு கேட்டேன். பேத்தி வாசிச்சுச்சு. மொதமொதல்ல 1896ல ஏதென்ஸ்ல ஓடுனப்ப தூரம் சுமாரா 40தானாம். 1908ல லண்டன்ல ஒலிம்பிக்ஸ் நடத்துனப்ப விண்ட்சர் அரமணையில தொடங்கி, மைதானத்துல ராணி உக்காந்த மேடைக்கு முன்னால முடியுற மாதிரி அளந்திருக்காங்க. 42 கிலோமீட்டர் 195 மீட்டர் வந்துச்சு. 1921ல அதையே சட்டமாக்கிட்டாங்க. பாரு, அரமணைக்காரங்க உக்காந்த எடத்துலருந்து நகர மாட்டாங்க. ஓடுறவன்தான் கூட ஓடணும். கடைசி 195 மீட்டர்ல கண்ணு இருட்டிக்கிட்டு வரும்போது யாரையாவது திட்டணும்னு தோணுச்சுன்னா, திட்டுறதுக்கு ஆளு இருக்குன்னு தெரிஞ்சுக்கோ.

அந்த லண்டன் ஓட்டத்துலயே இன்னொரு கூத்து. கூட்டாளியோட ஓடப் போற நீ இத நல்லாக் கேளு. இத்தாலிக்காரன் ஒருத்தன், டொராண்டோ பியெத்ரின்னு பேரு, மிட்டாய்க் கடையில வேல பாத்தவன். அவன்தான் மைதானத்துக்குள்ள மொத ஆளா நொழஞ்சிருக்கான். நொழஞ்சவனுக்குத் தெச தெரியல. எதிர்ப்பக்கமாத் திரும்பிட்டான். திருப்பி விட்டாங்க; விழுந்தான். எழுப்புனாங்க, மறுபடி விழுந்தான். இப்படியே நாலஞ்சு தடவ. கூட நின்ன அதிகாரிங்களுக்கு மனசு கேக்கல, கையப் பிடிச்சுக் கோட்டத் தாண்ட வச்சுட்டாங்க. உடனே பின்னால வந்த அமெரிக்காக்காரங்க புகார் குடுத்து, அடுத்தவன் கைபட்டதால செல்லாதுன்னு ஆயிருச்சு. தங்கம் பின்னால வந்தவனுக்குப் போச்சு. மறுநாள் ராணி அலெக்சாண்ட்ரா பாவப்பட்டு அவனுக்குத் தனியா ஒரு கோப்பை குடுத்துருக்கா. கெடுத்தவங்க யாரு? எதிரி இல்ல மருமவனே. பாசமுள்ளவங்க.

இதுக்கு எதிர்வாதம் இருக்கு, அதையும் சொல்லிருதேன். கென்யாக்காரன் கிப்சோகே 2019ல வியன்னாவுல ரெண்டு மணி நேரத்துக்குள்ள இந்தத் தூரத்த முடிச்சான். 1 மணி 59 நிமிசம் 40 செகண்டு. எப்படி முடிச்சான்? அவனச் சுத்தி 41 பேரு மாத்தி மாத்தி ஓடிக் காத்த மறிச்சு வேலி கட்டிருக்காங்க. அவங்கள்லயும் நெறையப் பேரு ஒலிம்பிக்ஸ் லாயக்கு ஆளுங்க. அப்படிக் கூட்டாளி இருந்தா நானும் ஓடுவேன். ஆனா அந்த ஓட்டத்த உலக சாதனைக் கணக்குல சேக்கல. 41 பேரு சேந்து ஒருத்தன ஓட வச்சா அது கல்யாணத்துல மாப்பிள்ள அழைப்பு மாதிரி. பாக்க நல்லாருக்கும், ரெக்கார்டுல வராது.

உன் நாலு பேருக்கு வருவோம். சேந்தே ஓடி, கையக் கோத்துக்கிட்டு கோட்டத் தாண்டி, போட்டோ எடுக்கணும்னு பேசிருப்பீங்க. எடுங்க, வேண்டாங்கல. கோட்டத் தாண்டுன பெறகு எடுங்க. நாலு மாட்ட ஒரே நுகத்துல பூட்டுனா வண்டி எந்த வேகத்துல போகும்? இருக்கதுல மெதுவான மாட்டு வேகத்துல போகும்னு நெனைப்ப. இல்ல. மொத அஞ்சு கிலோமீட்டருக்கு இருக்கதுல துடியான மாட்டு வேகத்துல போகும். அதுக்கப்புறம் எந்த வேகத்துலயும் போகாது. துடியான மாடு உங்க கூட்டத்துல யாருன்னு நான் சொல்லணுமா? கண்ணாடிக்காரன். புது வாட்சு வாங்கிருக்கான்னு சொன்னேல்ல, நெஞ்சு அடிக்கறத எண்ணுதுன்னு. அவன் அதப் பாத்துப் பாத்தே ஓடுவான். நீ அவனப் பாத்து ஓடுவ. அந்தப் பொண்ணு பாக்குதேன்னு ரெண்டு பேரும் ஓடுவீங்க. குண்டுப் பய மட்டும் ரோட்டப் பாத்து ஓடுவான். எழுதி வச்சுக்கோ, அந்தக் குண்டுப் பயலக் கேலி பண்ணாத. ஏன்னு கடைசியில சொல்லுதேன்.

அப்ப கூட்டாளியே வேண்டாமான்னா, வேணும். ஆனா பந்தயத்தன்னைக்கு இல்ல. அதுக்கு முந்தி இருக்கே 20 வாரம், அதுக்கு வேணும். காலையில நாலரை மணிக்கு அலாரம் அடிக்கும். வெளிய மழ தூறும், மெட்ராசுல ஐப்பசி கார்த்திகையில தூறாம இருக்குமா? உள்ள போர்வை கதகதன்னு கெடக்கும். அப்ப உன்ன எழுப்புறது வைராக்கியம்னு நெனைக்கியா? வைராக்கியம் அந்நேரத்துக்குக் கொறட்ட விட்டுத் தூங்கும். தெருமுக்குல லைட்டுக் கம்பத்துக்கடியில ஒருத்தன் வந்து நிப்பான் பாரு, அவன நெனச்சுத்தான் எந்திரிப்ப. அவனும் உன்ன நெனச்சுத்தான் வந்து நிக்கான். ரெண்டு பேருக்கும் வர இஷ்டமில்ல. ஆனா வந்துட்டீங்க. கூட்டாளிங்கிறது இம்புட்டுத்தான். மாமன் அம்பது வருச அனுபவத்துல சொல்லுதேன்.

ஓடும்போது பேசிக்கிட்டே ஓடுங்க. அந்த வாட்சு சொல்லுறத விட வாய் சரியாச் சொல்லும். ஒரு முழு வாக்கியம் மூச்சு வாங்காமச் சொல்ல முடிஞ்சா அது உன் வேகம். 'அவ... என்ன... சொன்னான்னா'ன்னு இழுத்தா நீ அடுத்தவன் வேகத்துல ஓடுத. அதுக்குத்தான் ஆபீசு மேனேஜரப் பத்திப் பேசிக்கிட்டே ஓடுங்கன்னு சொல்லுதேன். அந்த விசயம் என்னைக்கும் தீராது. மொத ரெண்டு மாசம் மெள்ள ஓடுறதுதான் சோலி. ரொம்ப மெள்ள. பக்கத்துல நடந்து போற கெழவி உன்னத் தாண்டுனா வெக்கப்படாத. அவளுக்கு வீட்டுல அவசரம்.

காளைய எப்படிப் பழக்குவோம்னு பாத்திருக்கியா? பருத்திவெதையும் உளுந்தும் போட்டுட்டு மறுநாளே பத்து மைல் ஓட்ட மாட்டோம். மொதல்ல வெறும் நடை. பெறகு கம்மாயில நீச்சல். பெறகு வெறும் வண்டி. கொஞ்சங்கொஞ்சமா தூரம் ஏத்தி, காலு வீங்குதா, குளம்புல சூடு இருக்கான்னு தொட்டுத் தொட்டுப் பாப்போம். உனக்கும் அதேதான். வாரத்துக்கு நாலு நாள் ஓடு, ஞாயித்துக்கெழம மட்டும் நீளமா ஓடு. ஒவ்வொரு ஞாயிறும் ஒண்ணு ரெண்டு கிலோமீட்டர்தான் கூட்டணும். மூணு வாரம் ஏத்துனா நாலாவது வாரம் எறக்கிரணும். மார்கழி பொறக்கையில ஒரு தடவ 30, 32 தொட்டிருக்கணும். அதோட சரி. '42 ஓடிப் பாக்காம எப்படி நம்பிப் போறது'ன்னு கேப்ப. கல்யாணத்துக்கு ஒத்திகை பாத்தா தாலி கட்டுதோம்?

கடைசி மூணு வாரம் கொறச்சுக்கிட்டே வரணும். அதுலதான் ஒனக்குக் கோட்டி பிடிக்கும். நாலு மாசமா வலிக்காத முட்டி சும்மா உக்காந்திருக்கையில வலிக்கும். தொண்ட கரகரங்கும். படியில எறங்கப் பயமாருக்கும். ஒண்ணும் இல்ல, கட்டிப்போட்ட காளை தரையக் கௌர்ற மாதிரிதான். அந்த நேரத்துல போயி, விட்டுப்போனதப் பிடிக்கிறேன்னு ரெண்டு ஓட்டம் சேத்து ஓடுனேன்னு வையி, பந்தயத்தன்னைக்கு வண்டி முன்னாடி பூட்ட மாடு இருக்காது.

புது செருப்பு... ஷூதான், சரி. பன்னெண்டாயிரம் ரூவாயா? அந்தக் காசுக்கு ரெண்டு வெள்ளாட்டங்குட்டி வாங்கலாம், அதுக தானா ஓடும். எங்கய்யா செருப்பு வாங்குனா சாயங்காலந்தான் வாங்குவாரு. காலையில அளவெடுத்தது சாயங்காலம் கடிக்கும்பாரு. நாள் முழுக்க நடந்த காலு ஊதும்ல. 42 கிலோமீட்டர் ஓடுன காலு எம்புட்டு ஊதும்? விரலுக்கு முன்னால அரை இஞ்சு எடம் விட்டு வாங்கு. இல்லைன்னா பெருவெரல் நகம் கருநாவப்பழமாயி, ஒரு நாள் சாக்ஸோட கையில வந்துரும். எத வாங்குனாலும் பந்தயத்தன்னைக்கு மொதமொதல்லப் போடாத. புதுச் சட்டையும் போடாத. புதுசா எதையும் திங்காத. தொடையிடுக்கு, அக்குளு, நெஞ்சு, எங்கெல்லாம் துணியும் தோலும் உரசுமோ அங்கெல்லாம் வாசலின் தடவிக்கோ. நாங்க பாதயாத்திரைக்குத் தேங்காண்ணெய் தடவிக்கிட்டோம். தடவாம வந்தவன் ரெண்டு நாளு வேட்டியத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டே திரிஞ்சான். சிரிக்காத, ஓடிட்டு வந்து மொத சொம்புத் தண்ணி மேல ஊத்தும்போது நீயே அலறுவ.

இப்ப பந்தய நாளு. மார்கழி இருட்டு, நேப்பியர் பாலத்துப் பக்கம் ஆயிரக்கணக்குல சனம். பாட்டு, மைக்கு, விளக்கு. அதுக்கு முன்னால கக்கூஸுக்கு ஒரு பெரிய வரிசை நிக்கும், அதுல சீக்கிரமே போயி நின்னுக்கோ, மாமன் சொல்லுறதுலயே இதுதான் உனக்கு ரொம்ப ஒதவப் போறது. பெறகு கொடி எறங்கும். எல்லாவனும் பாய்வான். உன் காலும் பாயும். மூணு வாரமாத் தூங்குன காலு, முறுக்கு ஏறி இருக்கும். அப்பத்தான் நீ பல்லக் கடிச்சுக்கிட்டு மெள்ளப் போகணும். கண்ணாடிக்காரன் முன்னால போனா டாட்டா காட்டு. அந்தப் பொண்ணு முன்னால போனா ரெண்டு தடவ காட்டு.

எங்கிட்ட ஒரு செவலக் காளை இருந்துச்சு, தெரியுமா? அதோட கத உனக்குத் தெரியாது, நீ அப்ப பொறக்கல. போக அஞ்சு மைல், வர அஞ்சு மைல் பந்தயம். போறப்ப எல்லா வண்டியையும் அது முந்திப் போனப்ப ரோட்டோரத்துல நின்ன சனமெல்லாம் துண்டத் தூக்கி வீசிச்சு. நானும் சாட்டைய ஓங்கிப் பிடிச்சுக்கிட்டு அந்தச் சத்தத்துலயே மெதந்தேன். திரும்புற எடத்துல செவலையோட வாயப் பாத்தேன். நொரை வெள்ளையா இல்ல, கெட்டியா, பசை மாதிரி தொங்குச்சு. கண்ணு முன்னால பாக்கல. அப்பவே தெரிஞ்சு போச்சு. வர்றப்ப, போறப்ப நாங்க முந்துன அத்தன வண்டியும் எங்கள முந்துச்சு. ஒவ்வொருத்தனா. கடைசியா ஒரு பூஞ்சிட்டு கன்னு ஜோடி, அடுத்த பந்தயத்துக்குக் கூட்டிட்டு வந்தது, அதுவும் சும்மா நடந்தே முந்துச்சு. துண்ட வீசுன சனம் துண்ட எடுத்துத் தோள்ல போட்டுக்கிட்டு டீ குடிக்கப் போயிட்டாங்க.

30 கிலோமீட்டர்ல உனக்கும் அந்த நொரை வரும். அதுக்குக் காரணம் இருக்கு, பேத்தி கணக்குப் போட்டே காட்டுச்சு. உடம்புக்குள்ள ஒரு குலுக்கை இருக்குன்னு வையி, ஈரல்லயும் சதையிலயும் சேத்து வச்ச மாவுச்சத்து. அது சுமாரா 2000 கலோரி பக்கந்தான் கொள்ளும். 70 கிலோ ஆளு ஒரு கிலோமீட்டர் ஓட 70 கலோரி போல செலவாகும். நீயே பெருக்கிக்கோ, இஞ்சினியர்தான? குலுக்கை அடி தட்டுறது அந்த 30 பக்கத்துலதான். கொழுப்பு நெறைய இருக்கும், குண்டுப் பயகிட்ட மட்டும் இல்ல, உங்கிட்டயும். ஆனா அது ஈர வெறகு, பத்துறதுக்குள்ள பொழுது போயிரும். அவசரமா ஓடுனா குலுக்கை இன்னும் வெரசாக் காலியாகும். மொத பத்துல மிச்சம் பிடிச்சவன் கடைசிப் பத்துல சாப்பிடுவான்.

அதனால வழியிலயும் ஏதாவது உள்ள போடணும். அதுக்குன்னு ஒரு பசை விக்கானாமே, குட்டிப் பொட்டலத்துல. பல்லு வெளக்குற பேஸ்ட் மாதிரி பிதுக்கித் திங்கணுமாம். எனக்கு அது சரிப்படல. நம்ம கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020ல புவிசார் குறியீடே குடுத்துட்டாங்க. வெல்லமும் கடலையும், அதுக்கு மேல என்ன வேணும்? ஆனா நீ ஓடிக்கிட்டே அதக் கடிச்சு மென்னு முழுங்குறதுக்குள்ள பொரை ஏறும்னு பேத்தி சொல்லுது. ஞாயித்துக்கெழம ஓட்டத்துல ரெண்டையும் தின்னு பாரு, எது வயித்துல தங்குதோ அதக் கொண்டு போ. தங்காததக் கிழக்குக் கடற்கரைச் சாலையில வச்சுத் தெரிஞ்சுக்க வேண்டாம்.

தண்ணி விசயத்துல உங்கம்மா பேச்சக் கேக்காத. 'வழியெல்லாம் தண்ணி குடிய்யா'ம்பா. நம்ம கரிசக்காட்டு வெயிலு வேர்வையக் குடிச்சிரும்; உடம்பு ஆறிரும். மெட்ராஸ் கடக்காத்து அப்படி இல்ல, அதுவே நனஞ்சு கெடக்கு. வேர்வ காயாது, ஊத்திக்கிட்டே இருக்கும், சூடும் எறங்காது. அதனாலதான் இருட்டோட ஓட்டத்தத் தொடங்குதாங்க. வேர்வையோட உப்பும் போகும். நீ வெறுந்தண்ணியாவே கொடங்கொடமாக் குடிச்சேன்னு வையி, ரத்தத்துல இருக்க உப்பு நீத்துப்போயித் தலசுத்தும், கொழறும், மயக்கம் போட்டுரும். அதுல செத்தவங்களும் உண்டு. தாகத்துக்குக் குடி, உப்புச் சக்கர கலந்து குடி. தண்ணி பந்தல்ல நின்னு, நடந்து, நிதானமாக் குடி. நடந்தா மானம் போயிரும்னு நெனைக்காத. மானம் பரோட்டாக் கடையிலயே போயிருச்சு.

பஞ்சாப்ல ஃபௌஜா சிங்னு ஒரு பெருசு இருந்தாரு. அவரு மொத மாரத்தான் ஓடுனது 2000ல லண்டன்ல, 89 வயசுல. அப்ப எனக்கு இன்னும் வயசு இருக்கேன்னு பேத்திகிட்டச் சொன்னேன். 'இருக்கு தாத்தா, ஆனா பொய் சொல்லாம ஓடணும்'னுச்சு. அந்தப் பிள்ளைக்கு எப்படியோ மூக்குல வேர்த்திருக்கு.

ஏன்னா அதுதான் எனக்கு அமெரிக்காவுல 1904ல நடந்த கதைய வாசிச்சுக் காட்டுச்சு. செயிண்ட் லூயிஸ்ங்கிற ஊர்ல ஒலிம்பிக்ஸ். புழுதி ரோடு, வெயிலு. தென்னாப்பிரிக்காக்காரன் ஒருத்தன நாயி தொரத்தி ஒரு மைல் வழி தப்பி ஓடிருக்கான், ஒங்கம்மா கேட்ட கேள்விக்கு அங்க பதில் இருந்திருக்கு. கியூபாக்காரத் தபால்காரன் பசியில தோப்புல பூந்து ஆப்பிள் தின்னு, வயித்து வலி வந்து, படுத்துத் தூங்கி, எந்திரிச்சு ஓடி நாலாவதா வந்தான். ஃப்ரெட் லோர்ஸ்னு ஒரு கொத்தனாரு, காலு பிடிச்சுக்கிட்டதும் கார்ல ஏறி 11 மைல் போல போயிட்டு, எறங்கி ஓடி மைதானத்துக்குள்ள மொத ஆளா நொழஞ்சான். கைதட்டுனாங்க. பரிசு குடுக்கப் போற நேரத்துல ஒருத்தன் சொல்லிட்டான். பேத்தி விழுந்து விழுந்து சிரிச்சுச்சு. நான் சிரிக்கல. அந்தக் கொத்தனார நான் குத்தம் சொல்ல மாட்டேன். அவன் அடுத்த வருசமே பாஸ்டன்ல நேர்மையா ஓடி ஜெயிச்சான்னு வேற போட்டிருக்கு. இப்ப உங்க ஓட்டத்துல அது நடக்காது. நம்பர் அட்டைக்குப் பின்னால ஒரு சில்லு வச்சிருக்காங்களாம், வழியில அங்கங்க விரிச்சிருக்க பாயத் தாண்டும்போது கணக்கு ஏறிருமாம். எங்க காலத்துல பாயி இல்ல.

கிட்ட வா. இத உங்கத்தைக்குக் கூடச் சொன்னதில்ல.

எனக்கு அப்ப இருபத்தஞ்சு வயசு. தைப்பூசத்துக்குத் திருச்செந்தூருக்கு நடக்குறதுன்னு நாலு பேரு முடிவு பண்ணோம். அப்ப பரோட்டாக் கடை இல்ல, சினிமாக் கொட்டகை. நானு, மேலத்தெரு மாரிக் கொத்தன், டெய்லரு, பெறகு உன் பெரியப்பா, எம் மச்சான். ஆமா, அந்தப் பெரியப்பாதான், அப்பவே அவருக்கு உடம்பு மூட்டை மாதிரி. இவன் எங்க நடக்கப் போறான்னு மூணு பேரும் ஒரே கேலி. தூத்துக்குடி வரைக்கும் பஸ்ஸு. அங்கருந்து 40 கிலோமீட்டர் சொச்சம், ராவோட நடந்தா விடிஞ்சதும் கடல்ல முங்கலாம்னு கணக்கு. மொத பத்து கிலோமீட்டர் நாங்க மூணு பேரும் ஓட்டமும் நடையுமாப் போனோம், பாட்டென்ன, அரோகரா என்ன. மச்சான் பின்னால எங்கயோ வந்தாரு. முக்காணி தாண்டுறப்பப் பாட்டு நின்னுச்சு. ஆத்தூர் தாண்டுறப்பப் பேச்சு நின்னுச்சு. ஒருத்தன ஒருத்தன் பாக்கல. ஆறுமுகநேரிக்குக் கொஞ்சம் முன்னால எனக்குத் தொடை கல்லாயிருச்சு. 'நீங்க போங்கடா, ஒதுங்கிட்டு வாரேன்'னு ஒரு ஒடமரத்துக்குப் பின்னால போயி நின்னேன். அவங்க போயிட்டாங்க. கால் மணி நேரங் கழிச்சு ஒரு வாழைத்தாரு லாரி வந்துச்சு. கையக் காட்டுனேன். கிளீனரு பின்னால ஏறுன்னான்.

ஏறி, இருட்டுல தாரு மேல உக்காந்தேன். கொஞ்ச தூரத்துக்குள்ள லாரி ரெண்டு தடவ நின்னு ஆள ஏத்திட்டுக் கெளம்புச்சு. பக்கத்துல யாரோ மூச்சு விட்டான். பீடி நெருப்புல பாத்தா டெய்லரு. அவனுக்கு அந்தப் பக்கம் மாரிக் கொத்தன், துண்டால மூஞ்சிய மூடிக்கிட்டு. மூணு பேரும் ஒரு வார்த்த பேசல. வீரபாண்டியன்பட்டினத்துல எறங்கி நொண்டிக்கிட்டே கோயிலுக்கு நடந்தோம். நொண்டுனது மட்டும் நெசம். முங்கி எந்திரிச்சு, விபூதி பூசி, நாழிக்கெணத்துப் பக்கம் நெழல்ல உக்காந்துட்டோம். வெயில் ஏறி, பத்து மணிக்கு மேல மச்சான் வாரார். ரெண்டு உள்ளங்காலும் கொப்புளம், வேட்டி ஓரத்துல ரத்தம். ஒவ்வொரு அடியையும் எண்ணி எண்ணி வச்சு வந்தாரு. எங்களப் பாத்ததும் கண்ணு கலங்கிருச்சு அந்த மனுசனுக்கு. 'அடேயப்பா, எப்படா வந்தீங்க? வழியில எங்கயும் உங்கள எட்டிப் பிடிக்கவே முடியலையே. காலாடா அது!'ன்னு என் கால் ரெண்டையும் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டாரு.

அன்னைக்கே சொல்லிருக்கணும். சொல்லல. பெறகு அவரு ஊருக்குள்ள வந்து சொல்ல ஆரம்பிச்சுட்டாரு, என்னப் பத்தி. டீக்கடையில, கல்யாணத்துல, எழவு வீட்டுல. இன்னைக்கு வரைக்கும் நிறுத்தல. கொத்தனும் டெய்லரும் போய்ச் சேந்துட்டாங்க. லாரி சங்கதி தெரிஞ்ச ஆளு நான் ஒருத்தன், இப்ப நீ ஒருத்தன்.

எந்திரி, எந்திரி. கம்ப ஊனிக்கிட்டு வாரது யாருன்னு பாரு. வாயத் தொறக்காத.

"வாங்க மச்சான், உக்காருங்க. நம்ம மருமவன் மெட்ராசுல 42 கிலோமீட்டர் ஓடப் போறானாம். நாம திருச்செந்தூருக்கு நடந்த கதைய அவனுக்கு நீங்களே சொல்லுங்க, என் வாயால சொன்னா நல்லாருக்காது."